அப்பீல் சைடு பிராக்டிஸ் பண்ணணும்னு ஆசை, இப்பவே மதுரைக்கு மாறலாமா இல்ல ட்ரயல் கோர்ட்லயே இருக்கலாமா?

தென்காசி_ஜூனியர்:

எல்லாருக்கும் வணக்கம். என்ரோல் ஆகி மூணு வருஷம் முடியப் போகுது, தென்காசியில ஒரு சிவில் சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். முன்சீஃப் கோர்ட், சப் கோர்ட் ரெண்டுலயும் தினமும் வேலை இருக்கு, ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுத்துல குடுக்குறது) ரெடி பண்றது, டாக்குமெண்ட் மார்க் பண்றது, சின்ன சாட்சிகளுக்கு கிராஸ் (குறுக்கு விசாரணை) பண்றதுன்னு சீனியர் மனசு வச்சுதான் கத்துக் குடுக்குறாங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

ஆனா எனக்கு காலேஜ்லேர்ந்தே அப்பீல் மேலதான் ஆசை. ஒரு ஜட்ஜ்மெண்டை எடுத்து இது எங்க தப்பாச்சுன்னு தேடுறது, அதை எழுதுறது, பெஞ்ச் முன்னாடி நின்னு அந்த ஒரே பாயிண்ட்டை வாதாடுறது, இதுதான் நான் வாழ்க்கை பூரா பண்ணணும்னு நினைக்கிற வேலை. எங்க ஆபீஸ் கேஸ் ஒண்ணு செகண்ட் அப்பீலுக்கு (ரெண்டு கீழ்கோர்ட்டும் தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் போற அப்பீல்) ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் போச்சு, அங்க வாதாடுன வக்கீலுக்கு கேஸ் கட்டு குடுக்கப் போனப்போ அவரு என்கிட்ட கேட்ட கேள்விகளைப் பார்த்து அசந்துட்டேன், கேஸை நடத்துன எங்களுக்கே தெரியாத விஷயமெல்லாம் எங்க கட்டுலேர்ந்தே எடுத்து கேட்டாரு.

என் சந்தேகம் இதுதான். இப்பவே மதுரைக்கு மாறிடலாமா? எல்எல்எம் படிச்சா உதவுமா? கடைசியில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகணும்னா டெல்லியிலயே போய் உக்காரணுமா? எங்க வீட்டுல யாரும் வக்கீல் கிடையாது, அப்பீல் கேஸ் எல்லாம் யார் மூலமா வருதுன்னும் புரியல. அனுபவப்பட்டவங்க கொஞ்சம் விரிவா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

வைகை_சிவில்:

ம்மா, நான் மதுரை பெஞ்ச்ல சிவில் அப்பீல் மட்டும்தான் பாக்குறேன், 2004 ஜூலைல பெஞ்ச் திறந்தப்போ சென்னையிலேர்ந்து இங்க மாறி வந்தவங்கள்ல ஒருத்தன். உங்க கேள்விக்கு முதல் பதில், நீங்க இப்போ இருக்குற இடம் நல்ல இடம், அவசரப்பட்டு விட்டுடாதீங்க. அப்பீல்ல ஜெயிக்கிற பாயிண்ட் பெரும்பாலும் கீழ்கோர்ட் கட்டுக்குள்ளதான் கிடக்கும், அதைப் படிச்சு எடுக்க ட்ரயல் எப்படி நடக்குதுன்னு உடம்புல ஊறியிருக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். அப்பா எழுதின உயிலை வச்சு ஒரு மகன் சொத்து பூரா எனக்குத்தான்னு கேஸ் போடுறான், தங்கச்சிங்க பாகம் கேக்குறாங்க. முன்சீஃப் கோர்ட் உயில் செல்லும்னுடுச்சு, சப் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. இப்போ தங்கச்சிங்க செகண்ட் அப்பீலுக்கு வர்றாங்க. நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா, கீழ்கோர்ட்டுகள் சாட்சியத்தை சரியாகப் பரிசீலிக்கத் தவறிவிட்டனன்னு ஆரம்பிச்சு பக்கம் பக்கமா கிரவுண்ட்ஸ் எழுதுறாங்க, அது அட்மிஷன்லயே (அப்பீலை எடுக்கலாமான்னு பாக்குற கட்டத்துலயே) போயிடும், ஏன்னா 1976 திருத்தத்துக்கு அப்புறம் சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) 100-வது பிரிவுல சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா, அதாவது முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் ஹைகோர்ட் உள்ளயே எடுக்கும், ரெண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி முடிவு பண்ண ஃபேக்ட்டை திரும்ப கிளற முடியாது.

அதே கட்டை எடுத்து உயில்ல சாட்சிக் கையெழுத்து போட்டவரோட வாக்குமூலத்தை மட்டும் தனியா வச்சு வரி வரியா படிங்க. எழுதினவர் கையெழுத்து போட்டதை நான் பார்த்தேன்னு சொல்லியிருப்பாரு. நான் கையெழுத்து போட்டது அவர் முன்னிலையிலதான்னு சொல்லியிருக்காரா? இன்னொரு சாட்சியும் அப்படித்தான் போட்டாருன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா? சீஃப்லயும் (முதல் விசாரணை) இல்ல, கிராஸ்லயும் இல்ல. வாரிசுரிமைச் சட்டம் 63(சி) ரெண்டு சாட்சியும் எழுதினவர் முன்னிலையில கையெழுத்து போட்டிருக்கணும்னு கேக்குது, ஒரே சாட்சியை விசாரிச்சா அவரே இன்னொருத்தர் போட்டதையும் சேத்து நிரூபிக்கணும்னு ஜானகி நாராயண் போயிர் வழக்குல சுப்ரீம் கோர்ட் 2002 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. இப்போ உங்க கேள்வி மூணு வரியில வந்துடும்: ஒரே சாட்சி விசாரிக்கப்பட்டு, அவரும் இதைச் சொல்லாதபோது, 63(சி) படி உயில் நிரூபிக்கப்பட்டதா எப்படி கொள்ள முடியும்? இது ஃபேக்ட் இல்ல, சட்டம். ஜட்ஜ் அந்த மூணு வரியைப் படிச்சுட்டு நேரா அந்த டெபொசிஷன் (சாட்சி வாக்குமூலம்) பக்கத்தைத்தான் கேப்பாரு, பக்க நம்பர் உங்க வாயில இருக்கணும்.

இந்தக் கண்ணு எங்கிருந்து வரும்னா, நீங்களே ஒரு உயில் சாட்சியை கூண்டுல ஏத்தி விசாரிச்சிருந்தா, எந்த வாக்கியம் விட்டுப் போகும்னு தானா தெரியும். அதனால இன்னும் ரெண்டு மூணு வருஷம் தென்காசியிலயே இருந்து நாலஞ்சு கேஸையாவது பிளெய்ண்ட்லேர்ந்து (வழக்கு மனு) ஜட்ஜ்மெண்ட் வரைக்கும் முழுசா நடத்திப் பாருங்க. கூடவே சப் கோர்ட்ல, ஜில்லா கோர்ட்ல உங்க சீனியருக்கு வர்ற ஃபர்ஸ்ட் அப்பீல் எல்லாத்தையும் நான் தயார் பண்றேன்னு கேட்டு வாங்குங்க. ஃபர்ஸ்ட் அப்பீலை யாரும் பெருசா மதிக்கிறது இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம். ஃபேக்ட், சட்டம் ரெண்டையும் முழுசா திறந்து பாக்கக் கிடைக்கிற கடைசி இடம் அது, சிபிசி ஆர்டர் 41 ரூல் 31 படி பாயிண்ட் எடுத்து காரணம் சொல்லித்தான் தீர்ப்பு எழுதணும், சந்தோஷ் ஹசாரி வழக்குல 2001-ல சுப்ரீம் கோர்ட் அதை ரொம்ப அழுத்தமா சொல்லியிருக்கு. அங்க சரியா வாதாடாம விட்டதைத்தான் பாதி பேரு செகண்ட் அப்பீல்ல வந்து தேடிட்டு இருக்காங்க.

கேஸ் எப்படி வரும்னு கேட்டீங்க. அப்பீல் வக்கீலைத் தேடி கட்சிக்காரர் நேரா வர்றது குறைவு, ட்ரயல் நடத்துன வக்கீல்தான் அனுப்பி வைக்கிறாரு. அதனால இன்னைக்கு உங்ககூட கோர்ட்ல எதிர்ல நின்னு சண்டை போடுறவங்கதான் நாளைக்கு உங்களுக்கு கட்டு அனுப்பப் போறவங்க. அனுப்பினவருக்கு ஒவ்வொரு ஹியரிங்கும் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, ஆர்டர் காப்பி அனுப்புங்க, அவரோட கட்சிக்காரரை தனியா கூப்பிட்டு பேசி உங்க பக்கம் இழுக்காதீங்க. உங்க வக்கீல் கீழ்கோர்ட்ல கோட்டை விட்டுட்டாருன்னு கட்சிக்காரர்கிட்ட ஒரு தடவை சொன்னீங்கன்னா போதும், அந்த ஊர்லேர்ந்து அடுத்த கட்டு வராது.

கோர்ட்_ஹால்_கிரிமினல்:

வைகை சார் சொன்னதை நான் கிரிமினல் பக்கத்துலேர்ந்து இன்னும் அழுத்தமா சொல்றேன். ட்ரயல் தெரியாம கிரிமினல் அப்பீல் பண்றது ரொம்ப ஆபத்து, ஏன்னா அங்க ஒருத்தரோட ஆயுள் தண்டனை நம்ம கையில இருக்கு.

ஒரு கண்ணால் பார்த்த சாட்சி கோர்ட்ல வந்து அரிவாளால வெட்டினதைப் பார்த்தேன்னு சொல்றாரு, ஆனா போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னுதான் இருக்கு. அப்பீல் கட்டுல இதைப் பார்த்ததும் நமக்கு கேஸ் ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா ட்ரயல்ல அந்தப் பகுதியை சாட்சிகிட்டயே காட்டி கேட்டாங்களா, அப்புறம் விசாரணை அதிகாரி கூண்டுல ஏறினப்போ ஆமா எங்கிட்ட இப்படித்தான் சொன்னாருன்னு பதிவு வாங்கினாங்களா? வாங்கலன்னா அந்த முரண்பாட்டை ஹைகோர்ட்ல தொடவே முடியாது. இந்த ரெண்டாவது படியை நிறைய இடத்துல விட்டுடுறாங்க. இதைக் கிராஸ் பண்ணிப் பழகினவங்களுக்கு அப்பீல் கட்டைத் திறந்ததும் முதல்ல விசாரணை அதிகாரியோட டெபொசிஷனுக்குத்தான் கை போகும்.

இன்னொண்ணு, தண்டனையை நிறுத்தி வைக்கிற மனு, இப்போ பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 430, முன்னாடி இருந்த சிஆர்பிசியில 389. இதை ஏதோ பெயில் மனு மாதிரி ரெண்டு பக்கத்துல போட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. அப்பீல் விசாரணைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்னு யாருக்கும் தெரியாது, அதுவரைக்கும் உள்ள இருக்குற ஆளுக்கு இந்த மனுதான் எல்லாம். மெயின் அப்பீல்ல சொல்லப்போற ரெண்டு பலமான பாயிண்ட்டை இதுலயே பக்க நம்பரோட வையுங்க. அதே மாதிரி விடுதலைக்கு எதிரான அப்பீல்ல குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்னா சுப்ரீம் கோர்ட்டோட 2007 சந்திரப்பா தீர்ப்பை மனப்பாடம் ஆகுற வரைக்கும் படிங்க, ரெண்டு பார்வைக்கு இடம் இருந்தா விடுதலையைத் தொடக்கூடாதுன்னு அஞ்சு வரியில அடக்கி வச்சிருக்காங்க.

வீட்டுல வக்கீல் இல்லன்னு கவலைப்படாதீங்க. மதுரைக்கு வந்ததும் ஹைகோர்ட் லீகல் சர்வீசஸ் கமிட்டி (இலவச சட்ட உதவி) பேனல்ல சேர அப்ளை பண்ணுங்க. வக்கீல் வைக்க வசதியில்லாம ஜெயில்லேர்ந்து போடுற அப்பீல் எல்லாம் அந்த வழியாத்தான் வரும், ஃபீஸ் குறைச்சல்தான், ஆனா டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு ஜட்ஜ்) முன்னாடி கொலை கேஸை நீங்களே நின்னு வாதாடலாம், வேற எந்த வழியிலயும் அந்த வயசுல அது கிடைக்காது. தயவுசெஞ்சு அதை சின்ன கேஸா நினைச்சு பாக்காதீங்க. அந்த ஆளுக்கு உங்களைத் தவிர வேற யாரும் இல்ல, பேனல் கேஸுக்கும் காசு குடுக்குற கேஸுக்கும் ஒரே உழைப்பு போடணும்.

பாரிஸ்_கார்னர்:

மேல சொன்ன ரெண்டு பேர் மேலயும் மரியாதை இருக்கு, ஆனா எனக்கு முழு உடன்பாடு இல்ல. அவங்க சொல்றது சாட்சி விசாரணை நடக்குற கேஸுக்கு சரி. ஆனா ஹைகோர்ட் அப்பீல்னா அது மட்டுமா? ரிட் (அரசாங்க நடவடிக்கைக்கு எதிரா நேரா ஹைகோர்ட்ல போடுற மனு) அப்பீல், டாக்ஸ், சர்வீஸ் மேட்டர் (அரசு வேலை சம்பந்தமான கேஸ்), ஆர்பிட்ரேஷன் அப்பீல் எல்லாம் அஃபிடவிட், ஆர்டர், ஆவணம் இதை வச்சுத்தான் ஓடுது, கூண்டுல யாரும் ஏறுறது இல்ல. நான் முன்சீஃப் கோர்ட் பக்கமே போகாம நேரா சென்னையில ஒரு ஹைகோர்ட் ஆபீஸ்ல சேந்தவன், இன்னைக்கு ரிட் அப்பீல்தான் என் மெயின் வேலை. ரிட்ல சிங்கிள் ஜட்ஜ் ஆர்டர் மேல 1865 லெட்டர்ஸ் பேட்டண்ட் (ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் குடுத்த அரச சாசனம்) கிளாஸ் 15-ல டிவிஷன் பெஞ்சுக்குப் போறோம், அங்க ஒரு நாளைக்கு எத்தனை விதமான சட்டம் வருதுன்னு பார்த்தாதான் தெரியும். ஒரிஜினல் சைடு (கீழ்கோர்ட் போகாம ஹைகோர்ட்லயே நடக்குற சிவில் வழக்கு) அப்பீல் வேணும்னா அது சென்னையில மட்டும்தான், மதுரையில கிடையாது, கமர்ஷியல் கேஸ்ல ஆர்வம் இருந்தா இதையும் யோசிங்க.

அதனால கேள்வியே எந்த அப்பீல்ங்கிறதுதான். சொத்து, உயில், பாகப்பிரிவினைன்னா தென்காசியில இருங்க. அரசாங்கத்துக்கு எதிரான கேஸ், வரி, சர்வீஸ்னா இன்னும் மூணு வருஷம் அங்க இருக்குறது உங்களுக்கு நஷ்டம், இப்பவே கிளம்புங்க.

காசு விஷயமும் யாராவது வெளிப்படையா சொல்லணும். 2024 ஜூன்ல ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் நம்ம பார் கவுன்சில் சர்க்குலர் போட்டுச்சு, ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் குறைஞ்சது 20,000, மத்த இடத்துல 15,000 குடுக்கணும்னு. எல்லா ஆபீஸும் குடுக்குதான்னா இல்ல. சேரும்போதே கூச்சப்படாம கேளுங்க, சட்டத்துக்கு வாதாடுற ஆபீஸ்ல ஜூனியர் தன் உரிமையைக் கேக்குறது மரியாதைக் குறைவு கிடையாது. சொந்தக்காரங்க துணை இல்லாத பொண்ணுங்க நிறைய பேரு திறமை இருந்தும் ரூம் வாடகை குடுக்க முடியாம ஊருக்குத் திரும்பிப் போறதைப் பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கு.

யமுனா_ஏஓஆர்:

டெல்லி பத்தி கேட்டதால நான் எழுதுறேன், திருச்சியிலேர்ந்து வந்து இங்க செட்டில் ஆனவ.

சுப்ரீம் கோர்ட்ல வாதாட எந்த வக்கீலும் வரலாம், ஆனா ஃபைல் பண்றது அட்வகேட் ஆன் ரெக்கார்ட் (ஏஓஆர்) மட்டும்தான். அதுக்கு என்ரோல் ஆகி நாலு வருஷம் முடிச்சிருக்கணும், அப்புறம் பத்து வருஷ அனுபவம் உள்ள ஒரு ஏஓஆர்கிட்ட ஒரு வருஷம் ட்ரெய்னிங், அப்புறம் பரீட்சை. நாலு பேப்பர், பிராக்டிஸ் அண்ட் ப்ரொசீஜர், டிராஃப்டிங், எத்திக்ஸ், லீடிங் கேசஸ், ஒவ்வொண்ணுலயும் 50 சதவீதம் வேணும், மொத்தத்துல 60 வேணும். பாஸ் ஆனதும் கோர்ட்டுலேர்ந்து 16 கிலோமீட்டருக்குள்ள ஆபீஸ் இருக்கணும், ஒரு கிளார்க் வைக்கணும். ஆக ஏஓஆர் ஆகணும்னா டெல்லியில உக்காரத்தான் வேணும், மதுரையில இருந்துக்கிட்டு முடியாது.

ஆனா எல்லாரும் அதுதான் ஆகணும்னு இல்ல. மதுரையில நீங்க நடத்துன அப்பீல் எஸ்எல்பியா (சுப்ரீம் கோர்ட்ல அப்பீலுக்கு அனுமதி கேக்குற மனு) இங்க வந்தா, நீங்களே டிராஃப்ட் பண்ணி அனுப்பலாம், இங்க வந்து ஏஓஆர் சார்பா வாதாடலாம். இப்போ கோர்ட் ஹைபிரிட்ல நடக்குறதால ஊர்லேர்ந்தே வீடியோவுல ஆஜராகறவங்களும் இருக்காங்க.

எஸ்எல்பியைப் பத்தி ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, ஆர்ட்டிகிள் 136 அப்பீல் உரிமை கிடையாது, அனுமதி கேக்குறது. ஹைகோர்ட் தீர்ப்பு தப்புன்னு காட்டினா மட்டும் போதாது, இதுல நாங்க ஏன் தலையிடணும்னு பெஞ்ச் கேக்கும். அட்மிஷன் அன்னைக்கு ஒரு பெஞ்ச் முன்னாடி எத்தனை மேட்டர் லிஸ்ட் ஆகியிருக்குன்னு காஸ் லிஸ்ட்டை (அன்னைக்கு வர்ற கேஸ் பட்டியல்) திறந்து பாருங்க, நம்ம நம்பர் வந்ததும் ஜட்ஜஸ் ஏற்கெனவே படிச்சுட்டு வந்திருப்பாங்க, கிடைக்கிறது சில நிமிஷம். அவங்க படிச்சது என்ன? பெரும்பாலும் சினாப்சிஸும் (கேஸ் சுருக்கம்) லிஸ்ட் ஆஃப் டேட்ஸும்தான். அதனால என் ஆபீஸ்ல ஜூனியர்ஸ் நேரத்துல பாதி அந்த முன் பக்கங்களுக்கே போகும். தேதி வரிசையில தேவையில்லாத ஒரு தேதி இருந்தா எடுக்கச் சொல்லுவேன். முதல் பத்தியிலயே என்ன சட்டக் கேள்வி, இதுல ஹைகோர்ட் எந்தத் தீர்ப்புக்கு மாறா போயிருக்குன்னு வந்துடணும்.

தமிழ்நாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு, நிறைய பேரு கவனிக்கிறது இல்ல. கீழ்கோர்ட் டெபொசிஷன், பத்திரம், அடங்கல் எல்லாம் தமிழ்ல இருக்கும், இங்க எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்தித்தான் ஃபைல் பண்ணணும். அந்த மொழிபெயர்ப்புல கேஸே மாறிப் போன கட்டெல்லாம் பாக்குறேன். பாத்தியம்னு இருக்குறதும் அனுபவம்னு இருக்குறதும் ரெண்டுமே பொசஷன்னு வந்துடும், உரிமைக்கும் கைவசத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கேஸே. மூலத்தைப் படிச்சு இதைப் பிடிக்க இங்க இருக்குற பெரிய சீனியரால முடியாது, உங்களால முடியும்.

எல்எல்எம் தேவையில்ல, பாடம் நடத்தணும்னா மட்டும் பண்ணுங்க. அதுக்குப் பதிலா சுப்ரீம் கோர்ட் லா கிளார்க் பரீட்சை எழுதிப் பாக்கலாம், ஒரு ஜட்ஜ் கட்டை எப்படிப் படிக்கிறாருன்னு உள்ள இருந்து பாக்குற வாய்ப்பு அது. வயசு வரம்பு இருக்கு, நோட்டிஃபிகேஷனைப் பாத்துக்கோங்க. 2022 செப்டம்பர்லேர்ந்து கான்ஸ்டிட்யூஷன் பெஞ்ச் ஹியரிங் லைவ்ல வருது, தீர்ப்பு எல்லாம் சுப்ரீம் கோர்ட்டோட இ-எஸ்சிஆர் இணையதளத்துல இலவசமா கிடைக்குது. ஹியரிங்கைப் பாக்கும்போது வாதத்தை விட ஜட்ஜ் கேள்வி கேட்டதும் வக்கீல் என்ன பண்றாருன்னு பாருங்க. நல்லவங்க உடனே அந்தக் கேள்விக்கு பதில் சொல்லிட்டுத்தான் தங்கள் பாயிண்ட்டுக்குத் திரும்புவாங்க, அதுக்கு அப்புறமா வர்றேன் மை லார்ட்னு தள்ளிப் போடுறவங்களை பெஞ்ச் நம்புறது இல்ல. நம்ம சீனியர் வக்கீல் பராசரன் சார் 90 தாண்டின வயசுல 2019-ல அயோத்தி வழக்குல நின்னு வாதாடினாரு. இந்தத் தொழில்ல வயசு ஏற ஏற மதிப்பு கூடும், நீங்க மூணு வருஷத்துல லேட் ஆயிடுச்சோன்னு பயப்படவே வேண்டாம்.

தென்காசி_ஜூனியர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நினைக்கல. பாரிஸ் கார்னர் சார் கேட்ட கேள்வியை யோசிச்சேன், எனக்கு உயில், பாகப்பிரிவினை, ஈஸ்மெண்ட் (பாதை மாதிரி அடுத்தவர் நிலத்து மேல உள்ள உரிமை) இதுலதான் மனசு போகுது, அதனால இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருந்து ட்ரயல் பண்றேன். வைகை சார், ஒரே ஒரு கேள்வி, இங்க இருந்துக்கிட்டே அப்பீல் எழுதிப் பழக ஏதாவது வழி இருக்கா? நான் எழுதினது சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?

வைகை_சிவில்:

இருக்கும்மா. உங்க ஆபீஸ்ல ஏற்கெனவே செகண்ட் அப்பீல் வரைக்கும் போய் முடிஞ்ச பழைய கட்டு ஒண்ணு எடுங்க, ஹைகோர்ட் தீர்ப்பை மட்டும் படிக்காம ஓரமா வச்சிருங்க. ரெண்டு கீழ்கோர்ட் தீர்ப்பு, ப்ளீடிங்ஸ் (ரெண்டு பக்கமும் போட்ட மனு, பதில் மனு), டெபொசிஷன் படிச்சு நீங்களே கேள்வியை எழுதுங்க, மூணு கேள்விக்கு மேல போகாதீங்க. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல இது எந்த எக்ஸிபிட்ல (மார்க் பண்ண ஆவணம்), எந்த சாட்சி சொன்னதுல, எந்தப் பக்கத்துல இருக்குன்னு குறிங்க. அப்புறம் ஹைகோர்ட் தீர்ப்பை எடுத்து, அட்மிட் பண்ணப்போ கோர்ட் எந்தக் கேள்வியை ஃப்ரேம் பண்ணுச்சுன்னு பாருங்க, தீர்ப்போட ஆரம்பத்துலயே இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எங்க விட்டீங்கன்னு தெரிஞ்சுடும். அப்பீல் தள்ளுபடி ஆன கட்டையும் எடுங்க, அதுலதான் பாடம் அதிகம்.

கூடவே லிமிடேஷன் (அப்பீல் போடுறதுக்கான காலக்கெடு) கணக்கை கையால போட்டுப் பழகுங்க. ஹைகோர்ட்டுக்கு 90 நாள், ஜில்லா கோர்ட், சப் கோர்ட்டுக்கு 30 நாள், சர்ட்டிஃபைடு காப்பிக்கு ஆன நாளை லிமிடேஷன் சட்டம் 12-வது பிரிவுல கழிக்கணும், ஆனா காப்பி அப்ளிகேஷன் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, ரெடி ஆன தேதின்னு காப்பி பின்னாடி இருக்குற சீலைப் பார்த்துத்தான் கழிக்க முடியும். தீர்ப்பு வந்த அன்னைக்கே காப்பிக்கு அப்ளை பண்ணுங்க, கட்சிக்காரர் அப்பீல் வேணாம்னு சொன்னாலும் அப்ளை பண்ணி வைங்க, ஒரு மாசம் கழிச்சு மனசு மாறி வருவாங்க. காப்பி போடாம விட்ட கேஸ்ல கண்டோன் டிலே (தாமதத்தை மன்னிக்கக் கேக்குற) அஃபிடவிட் எழுதி, நாள் கணக்குக்கு காரணம் தேடி, எதிர்ப்பக்கம் கவுண்டர் போட்டு, அது ஒரு தனி கேஸாவே ஓடும், மெயின் பாயிண்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் அப்பீல் நம்பர் ஆகாம கிடக்கும்.

நீங்க அப்பீல் கேள்விகள் எழுதின முதல் தாளை கட்சிக்காரர் பேரு, சர்வே நம்பர் எல்லாம் அடிச்சுட்டு இங்கயே போடுங்க, நான் பாக்குறேன், கிரிமினல் மேடமும் பாப்பாங்கன்னு நினைக்கிறேன்.